எடை குறைந்த வீல் நட்டுகள்: யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருப்பவர் வாங்கலாமா? முழுமையான வழிகாட்டி

ஊதா, சிவப்பு, நீலம் என்று மினுங்கும் அலுமினிய வீல் நட்டுகளை யாழ்ப்பாணத்து வீதிகளிலும் இப்போது காண முடிகிறது. ரொயோட்டா விட்ஸ், அக்குவா, ஹொண்டா ஃபிட், சுசுகி வாகன் ஆர் என்று எந்தக் காரிலும் பூட்டலாம், கார் இலகுவாக இழுக்கும், பெற்றோல் மிச்சமாகும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இந்த நட்டுகளை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: எடையைக் குறைப்பதற்காக வாங்காதீர்கள். கறள் பிடித்தாலோ, மரை தேய்ந்தாலோ, அலோய் வீல் மாற்றியதால் பழைய நட்டு பொருந்தாமல் போனாலோ மாற்றத்தான் வேண்டும். அப்போதும் நல்ல உருக்கு நட்டையே வாங்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதையும், நட்டைத் தெரிவு செய்து சரியாகப் பூட்டும் முறையையும் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதற்படி: உங்கள் நட்டை நிறுத்துப் பாருங்கள்

சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். காரை ஜக் அடிக்கவும் தேவையில்லை. ஒரு சில்லில் ஒரு நட்டை மட்டும் கழற்றி நிறுத்துவிட்டு, உடனே திரும்பப் பூட்டி இறுக்கிவிடுங்கள். சாதாரண உருக்கு நட்டு ஒன்று அதன் நீளத்தையும் வடிவத்தையும் பொறுத்து 40 முதல் 70 கிராம் வரை இருக்கும். அதே அளவிலான அலுமினிய நட்டு 20 முதல் 30 கிராம். உருக்கின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 7.85 கிராம், அலுமினியத்தினுடையது 2.8, டைட்டேனியக் கலவையினுடையது 4.4. நட்டுகளுக்கிடையே எடை வித்தியாசம் வருவது இதனால்தான்.

கணக்குக்கு ஒரு நட்டில் 30 கிராம் குறைவதாக வைத்துக்கொள்வோம். சில்லுக்கு நான்கு நட்டு உள்ள காரில் மொத்தம் 16 நட்டுகள். 16 தடவை 30 என்றால் 480 கிராம். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் எடை. விட்ஸ் போன்ற காரின் எடை ஏறத்தாழ 1,000 கிலோ. அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இங்கே குறையவில்லை.

இரண்டாம் படி: "சுழலும் எடை" என்ற வாதத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்

இங்கேதான் விற்பவர்களின் வலுவான வாதம் வரும். சுழலும் பாகத்தில் குறையும் ஒரு கிராம், காரின் உடலில் குறையும் பல கிராமுக்குச் சமம் என்பார்கள். இந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் அந்த எடை சில்லின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுழலும் பொருளை வேகப்படுத்தத் தேவையான சக்தி, மையத்திலிருந்து அதற்குள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ரயரின் ஓரத்தில் உள்ள எடை மிகவும் பாதிக்கும். மையத்துக்கு அருகில் உள்ளது மிகச் சொற்பமாகவே பாதிக்கும்.

விட்ஸ், அக்குவா, வாகன் ஆர் ஆகியவற்றில் நட்டுகள் 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்திருக்கின்றன. ஆகவே மையத்திலிருந்து ஒரு நட்டுக்கு உள்ள தூரம் 50 மில்லிமீற்றர். 175/65 அளவில் 15 அங்குல ரயரின் ஆரை ஏறத்தாழ 300 மில்லிமீற்றர். 50ஐ 300ஆல் வகுத்தால் ஆறில் ஒன்று. அதன் வர்க்கம் 36இல் ஒன்று. 480 கிராமை 36ஆல் வகுத்தால் 13 கிராம் வரும். சுழற்சிக்காகக் கிடைக்கும் மேலதிக நன்மை இந்த 13 கிராம்தான். மொத்தம் 493 கிராம். பேனா பிடித்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், யாரும் ஏமாற்ற முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புது ரயர் ஒன்று முழுதாகத் தேயும் வரையில் சுமார் ஒரு கிலோ றப்பரை வீதியில் விட்டுவிடுகிறது. அந்த எடை மையத்திலிருந்து மிகத் தொலைவான ஓரத்தில் இருந்தது. நான்கு ரயர்களிலும் சேர்த்துச் சுமார் நான்கு கிலோ. ரயர் தேயத் தேயக் கார் துள்ளி ஓடுவதாக யாரும் உணர்வதில்லை. அப்படியிருக்க, மையத்துக்குப் பக்கத்தில் குறையும் அரைக் கிலோவை ஓட்டுபவரின் கை எப்படி உணரும்?

ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை குறைந்தால் குண்டு குழிகளில் கார் நன்றாக ஓடும் என்ற வாதமும் இதே அளவுதான். ரயரும் வீலும் சேர்ந்தே 14, 15 கிலோ வரும். அதில் ஒரு சில்லுக்கு 120 கிராம் குறைவது, மழைக்காலத்தில் ஒழுங்கைக்குள் போய்வந்த ரயரில் ஒட்டும் சேற்றைவிடக் குறைவு.

பெற்றோல்தான் கவலை என்றால் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த காரில் சாரதியின் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ரயர் அழுத்த அட்டையைப் பாருங்கள். அதில் கிலோபாஸ்கலில் எழுதியிருக்கும். 230 என்றிருந்தால், காற்றடிக்கும் கடையில் பிஎஸ்ஐ அளவில் 33 என்று சொல்ல வேண்டும். மாதத்துக்கு இரு தடவை ரயர் சூடேறாத நேரத்தில் இதைச் சரிபார்ப்பவருக்குக் கிடைக்கும் மிச்சத்தை எந்த நட்டும் தராது. டிக்கியில் மாதக்கணக்காகக் கிடக்கும் சாமான்களையும் இறக்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: நட்டின் வேலை என்னவென்று விளங்கிக்கொள்ளுங்கள்

காரின் எடை ஸ்டட்டுகளில், அதாவது நட்டு ஏறும் மரைத் தண்டுகளில், தொங்குகிறது என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்ட ஸ்டட் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசைதான் வீலை ஹப்பின் (வீல் பூட்டப்படும் நடுப்பாகம்) முகத்தோடு அழுத்திப் பிடிக்கிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே பிரேக் பிடிக்கும்போதும் திரும்பும்போதும் வீல் நழுவாமல் காக்கிறது. 12 மில்லிமீற்றர் ஸ்டட்டில் 103 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசையில் இறுக்கினால் ஒரு நட்டு தரும் அழுத்தம் ஏறத்தாழ 4 தொன். இவ்வளவு சிறிய பொருள் இவ்வளவு பெரிய பாரத்தைத் தாங்குகிறது என்பதை நினைத்தால், அதன் எடையை 30 கிராம் குறைப்பதில் எனக்கு ஆசை வருவதில்லை.

நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. மற்றதெல்லாம் மரையிலும், நட்டு வீலோடு அமரும் முகத்திலும் உராய்வாகச் செலவாகிறது. ஆகையால் உராய்வு சிறிது மாறினாலும் அழுத்தம் பெருமளவு மாறும். உலர்ந்த மரைக்குச் சொல்லப்பட்ட இறுக்கத்தை எண்ணெய் பூசிய மரையில் கொடுத்தால், ஸ்டட் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இழுபடக்கூடும். ஸ்டட்டுக்கு கிறீஸ் பூசிவிடுவது நம்மவர் பலரின் பழக்கம். கறள் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் கார் உற்பத்தியாளர் கைநூலில் சொல்லாவிட்டால் மரையை உலர்ந்தபடியே விட வேண்டும்.

நான்காம் படி: எந்த உலோகம்?

அலுமினிய நட்டு பந்தயக் களத்துக்கென்று வந்தது. அங்கே சில்லைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் நட்டைப் பார்ப்பார்கள், தேய்ந்தால் எறிவார்கள். நம் கார் அப்படி வாழ்வதில்லை. ஒரு தடவை பூட்டிய நட்டை அடுத்த பஞ்சர் வரை யாரும் தொடுவதில்லை. தொடும்போது எயார் கன்னோடு வருகிறார்கள். தரமான அலுமினிய நட்டுகளைச் செய்யும் ஜப்பானிய உற்பத்தியாளர்களே எயார் கன் பிடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். மென்மையான உலோகம் என்பதால் அறுகோண மூலைகள் உருண்டுவிடும், உள்மரை உரிந்துவிடும். கழற்றிய நட்டை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். மரையின் முகடுகள் மழுங்கி, நூல்போல மெல்லிய சுருள் ஒன்று தொங்கினால் அந்த நட்டின் ஆயுள் முடிந்தது.

அதைவிட யாழ்ப்பாணத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு: உப்பு. ஒருபக்கம் கடல், மறுபக்கம் நீரேரி. பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறைப் பக்கமோ, பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்கோ தினம் போய்வருபவரின் காரில் உப்புக்காற்று படியாத இடமே இருக்காது. கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீரும் உவர்; அதிலேதான் காரையும் கழுவுகிறோம். உப்பு ஈரத்தில் அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருந்தால், இரண்டுக்கும் இடையே மெல்லிய மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் அரிபடும். நட்டின் வண்ணப் பூச்சு அதைக் காக்கும், ஆனால் சொக்கட் பட்டு ஓரம் உரியும் வரைதான். பிறகு வெள்ளை மாப் போலப் பூத்து, நட்டு ஸ்டட்டோடு இறுகிப் பிடித்துவிடும். அப்படிப் பிடித்த நட்டைப் பலவந்தமாகக் கழற்றினால் ஸ்டட்டும் சேர்ந்து போகும்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். குடாநாடு சமதரை, இங்கே பிரேக் அவ்வளவாகச் சூடேறாது. ஆனால் விடுமுறைக்கு நுவரெலியாவுக்குப் போய் இறங்கும்போது நிலைமை வேறு. அலுமினியம் உருக்கைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், சூடேற ஏற உருக்கைவிட விரைவாக வலுவிழக்கும்.

டைட்டேனியம் உறுதியானது, கறள் பிடிக்காது. ஆனால் உருக்கு ஸ்டட்டில் உரசி ஒட்டிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. அதற்கென்று பசை பூச வேண்டும், பூசினால் இறுக்கக் கணக்கு மாறும். விலையோ மிக அதிகம். மலிவாகக் கிடைத்தால் அது டைட்டேனியம்தானா என்று சந்தேகப்படுங்கள்.

எடையும் குறைய வேண்டும், அழகும் வேண்டும் என்று மனம் கேட்டால் குரோமோலி உருக்கில் (குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உறுதியான உருக்கு) செய்த குட்டையான நட்டுகள் இருக்கின்றன. உருக்கின் உறுதி அப்படியே இருக்கும். வெளிப்பக்கம் மூடியதாகப் பார்த்து வாங்குங்கள். திறந்த நட்டில் ஸ்டட்டின் நுனி உப்புக்காற்றில் நேரடியாகப் படும்.

மெல்லிய பளபளப்புத் தகட்டை உருக்கின் மேல் தொப்பிபோல் அணிவித்துச் செய்த நட்டுகளைத் தவிருங்கள். தகட்டுக்குக் கீழே கறள் ஏறினால் நட்டு ஊதிப் பெருத்து, சொக்கட் அதன் மேல் ஏறாது. ஒரே துண்டாகச் செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஐந்தாம் படி: உங்கள் காருக்குப் பொருந்தும் நட்டைக் கண்டறியுங்கள்

உலோகத்தில் தவறினால் நட்டு சீக்கிரம் கெடும். இந்தப் படியில் தவறினால் சில்லு கழன்று ஓடும். நிதானமாகப் படியுங்கள்.

மரை முதலில். ரொயோட்டா, ஹொண்டா, மிற்சுபிஷி கார்களில் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர் விட்டம், 1.5 மரை இடைவெளி. சுசுகி, நிசான் கார்களில் விட்டம் அதே 12, இடைவெளி 1.25. கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. விட்ஸின் நட்டை வாகன் ஆரில் வைத்தால் ஓரிரு சுற்று ஏறி இறுகும். "கொஞ்சம் கறளாக்கும்" என்று ஸ்பனரால் அழுத்தினால் ஸ்டட் மரை நாசம். நட்டு எப்போதும் விரலாலேயே முழுதாக ஏற வேண்டும். ஏறாவிட்டால் நிறுத்துங்கள். நம்மூரில் இன்றைக்கும் பேணி ஓட்டப்படும் மொரிஸ் மைனர் கார்களுக்கு இந்த மில்லிமீற்றர் நட்டு எதுவுமே சரிவராது. அவற்றின் மரை எட்டில் மூன்று அங்குல அளவிலானது.

அடுத்தது நட்டு வீலில் அமரும் முகம். மூன்று வகை உண்டு. 60 பாகைக் கூம்பு வடிவம் மிகவும் பரவலானது. கடையில் வாங்கும் அலோய் வீல்களில் பெரும்பாலானவை இதற்கென்று செய்யப்பட்டவை. ஹொண்டாவின் சொந்த வீல்களுக்குப் பந்துபோல் உருண்ட முகமுள்ள நட்டு. ரொயோட்டாவின் பல அலோய் வீல்களுக்குத் தட்டையான வளையத்தோடு வரும் நட்டு. ஹொண்டாவின் வீலில் கூம்பு நட்டைப் பூட்டினால் இரண்டும் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே தொடும். இறுக்கும்போது இறுகியதுபோலவே இருக்கும், ஓட ஓட இளகும். சரிபார்க்கும் வழி இது: பூட்டி இறுக்கிய நட்டைத் திரும்பக் கழற்றி, வீலின் துளையில் விழுந்திருக்கும் தடத்தைப் பாருங்கள். அகலமான, சீரான வளையமாக இருந்தால் பொருத்தம் சரி. மயிரிழை போன்ற கோடாகவோ, ஒருபக்கம் மட்டும் பட்டதாகவோ இருந்தால் அந்த நட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, மரை எவ்வளவு ஏறுகிறது என்பது. உருக்கு நட்டு என்றால் ஸ்டட்டின் விட்டமளவு நீளமாவது ஏற வேண்டும். 1.5 இடைவெளிக்கு 8 முழுச் சுற்று, 1.25க்கு ஏறத்தாழ 10 சுற்று. அலுமினியத்துக்கு இன்னும் ஒன்றரை மடங்கு வேண்டும். விரலால் சுற்றும்போதே எண்ணிப் பாருங்கள். மூடிய நட்டில் ஸ்டட் நுனி உள்ளே முட்டி நின்றுவிடக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்போது இறுக்கம் காட்டும், வீல் அழுத்தப்பட்டிருக்காது.

கடைசியாக, பலர் மறந்துபோகும் இரண்டு விஷயங்கள். வண்ண நட்டுகள் பலவற்றுக்கு 17 மில்லிமீற்றர் சொக்கட் வேண்டும். ரொயோட்டாவோடு வரும் ஸ்பனர் 21, சுசுகி, ஹொண்டாவினுடையது 19. இரவில் முறிகண்டிக்குக் கிட்ட ரயர் போனால் டிக்கியில் இருக்கும் ஸ்பனர் உதவாது. புது நட்டுக்கான சொக்கட்டையும், களவுத் தடுப்பு நட்டு இருந்தால் அதன் திறப்பையும் காரிலேயே வையுங்கள். அதேபோல் மேலதிகச் சில்லிலும் புது நட்டைப் பூட்டிப் பாருங்கள். அலோய் வீலுக்குப் பொருந்தும் நட்டு, மேலதிகமாக இருக்கும் இரும்புச் சில்லில் சரியாக அமராமல் போகலாம். கழற்றிய பழைய உருக்கு நட்டுகளில் ஒரு சில்லுக்குத் தேவையானவற்றை டிக்கியில் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

யாழ் நகரக் கடைகளில் வாங்கினாலும், கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தாலும், பழைய நட்டு ஒன்றைக் கையில் கொண்டுபோய் மரை, முகம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குங்கள். காரின் பெயரைச் சொல்லிக் கேட்பது போதாது. ஒரே காரில் இரும்பு வீலுக்கு ஒன்றும் அலோய் வீலுக்கு ஒன்றுமாக நட்டு வேறுபடும்.

ஆறாம் படி: பூட்டும் முறை

சமதரையில் காரை நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்து, எதிர்ப்பக்கச் சில்லுக்குக் கல் வையுங்கள். ஜக் அடிப்பதற்கு முன்னரே நட்டுகளைக் கால் சுற்று இளக்குங்கள். சில்லைக் கழற்றியபின் ஹப்பின் முகத்தையும் வீலின் பின்முகத்தையும் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்க்க வேண்டும். இதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். அங்கே கிடக்கும் கறள் செதில், இறுக்கிய பின்னர் நொறுங்கி இடம்விடும். அந்த இடைவெளியளவு ஸ்டட்டின் இழுவிசை போய்விடும். நட்டு இளகுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஸ்டட்டையும் துடைத்து, உலர்ந்த மரையில் எல்லா நட்டுகளையும் விரலால் ஏற்றுங்கள். நான்கு நட்டுள்ள சில்லில் எதிரெதிராக, ஐந்து நட்டுள்ளதில் ஒன்றைவிட்டு ஒன்றாக நட்சத்திர வடிவில் ஸ்பனரால் மெதுவாக இறுக்குங்கள். பிறகு காரை இறக்கி, அதே ஒழுங்கில் டோர்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பனர்) முதலில் பாதி இறுக்கமும் பின்னர் முழு இறுக்கமும் கொடுங்கள். ரொயோட்டாவின் சிறிய கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108, சுசுகியின் சிறிய கார்கள் பலவற்றுக்கு 85. உங்கள் காரின் கைநூலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. டோர்க் ரெஞ்சில் இரண்டு அளவுகோல்கள் பொறிக்கப்பட்டிருக்கும். நியூட்டன் மீற்றரில் 103 என்பது அடி இறாத்தலில் 76. இடம்மாறி அடி இறாத்தல் கோட்டில் 103க்கு வைத்தால், தேவையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இறுகும். "கிளிக்" என்று ஒரு தடவை கேட்டதும் கையை எடுங்கள். இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லதல்ல.

50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும். கிளிநொச்சிக்கு ஒருதரம் போய்வந்தால் அந்தத் தூரம் கடந்துவிடும். ரயர் ஆறியபிறகு ரெஞ்சை வைத்துப் பாருங்கள்.

ரயர்க் கடையில் "எயார் கன்னால் கழற்றுங்கள் தம்பி, இறுக்குவதைக் கையால் செய்யுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வண்ண நட்டுத் தொகுதி ஒன்றுக்குக் கொடுக்கவிருந்த காசில் டோர்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வந்து நீங்களே ஒருதரம் இளக்கி அளந்து இறுக்கலாம். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 வரை புதிய கார் வராதிருந்த காலத்தை நாம் எல்லோரும் கடந்துவந்தோம். ஒரு ஸ்டட் முறிந்தாலும் ஒரு நல்ல வீலின் துளை கெட்டாலும் மாற்று தேடி அலைவது எப்படி என்று நமக்குத் தெரியும்.

ஏழாம் படி: ஏற்கெனவே அலுமினிய நட்டு பூட்டியிருந்தால்

பயப்பட்டு இன்றைக்கே எறிய வேண்டியதில்லை. ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, உள்மரை, அமரும் முகம், மூலைகள் மூன்றையும் பாருங்கள். வெள்ளைப் பூப்பு, உரிந்த மரை, முகத்தில் வெடிப்பு, உருண்ட மூலை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் முழுத் தொகுதியையும் மாற்றிவிடுங்கள். ஒரே சில்லில் இரண்டு வகை நட்டைக் கலந்து பூட்டக் கூடாது. கெடாமல் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருதரம் இந்தச் சோதனையைச் செய்து, கையால் மட்டும் இறுக்கி ஓட்டலாம். கடலோரத்தில் குடியிருப்பவர் மூன்று மாதத்துக்கு ஒருதரம் பார்ப்பது நல்லது.

உருக்கு நட்டுக்குத் திரும்பும்போது ஸ்டட்டின் மரையில் அலுமினியத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கம்பித் தூரிகையால் அதைச் சுத்தமாக எடுத்தபின்னரே புது நட்டை ஏற்ற வேண்டும். தூரிகைக்கும் வராமல் மரை நசிந்திருந்தால் அந்த ஸ்டட்டையே மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலான கார்களில் அது ஹப்பிலிருந்து தட்டி எடுத்துப் புதிதாக ஏற்றக்கூடிய பாகம்; கராஜில் செய்யக்கூடிய வேலைதான்.